நுழைவாயில் தரையும் நாமும்

(இளம் அறிவியல் வேதியியல், மூன்றாம் ஆண்டு)

வீட்டின் நிலையை வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள் பெரியோர். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் வழக்கத்தை நம் தாய்மார்கள் இன்றும் கைவிடவில்லை. வருகின்றவரின் முதல் அடி விழும் இடம் அன்றோ அது! கல்லூரிக்கும் ஒரு வாசல் உண்டு. அதற்கு நாம் கொடுக்கும் மதிப்பு எத்தகையது?

இக்கேள்வியை இவ்வாண்டு எழுப்பியே ஆக வேண்டும். நம் முதன்மைக் கட்டடத்தின் நுழைவாயிலில் உள்ள மொசைக் தரையை மூடி, அதன்மேல் பளபளக்கும் டைல்ஸ் பதித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. “தரை மங்கிவிட்டது, எவ்வளவு கழுவினாலும் அழுக்குப் போகவில்லை” என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. மங்கியது உண்மைதான். ஆயினும் அது தரையின் குறையன்று, பராமரிப்பின் குறை என்பதே என் கருத்து. வேதியியல் மாணவன் என்ற முறையில் அதை விளக்க முயல்கிறேன்.

நாம் மொசைக் என்று அழைக்கும் இத்தரையை இத்தாலியர் டெராசோ என்பர். வெனிஸ் நகரத்து மாளிகைகளுக்குப் பளிங்கு இழைத்த தொழிலாளர்கள், மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு தம் வீட்டுத் தரைகளை அமைத்ததிலிருந்து இக்கலை வளர்ந்தது என்பர். நம் நாட்டில் பொதுவான முறைப்படி இதன் மொத்தக் கனம் 40 மில்லிமீட்டர். அதில் 34 மில்லிமீட்டர் வெறும் கான்கிரீட். மேலே உள்ள 6 மில்லிமீட்டரில்தான் பளிங்குச் சல்லியும் சிமெண்டும் கலந்த அழகு இருக்கிறது. அது இறுகிய பின் தண்ணீர் விட்டுக் கார்போரண்டம் கல்லால் தேய்ப்பார்கள். முதலில் 60-ஆம் எண் கொண்ட சொரசொரப்பான கல், பிறகு 120, அதன்பின் 320 என்று கல்லின் நயம் கூடிக்கொண்டே போகும். ஆகவே மொசைக்கின் ஒளி மேலே பூசிய பூச்சு அன்று. கல்லைத் தேய்த்துத் தேய்த்து வெளியே கொண்டுவந்த ஒளி. உழைப்பின் ஒளி என்றே சொல்லலாம்.

அந்த ஒளியைக் கெடுப்பவை எவை? முதல் பகைவன் மணல். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். மோஸ் கடின அளவில் அதன் எண் 3. நம் செருப்பில் ஒட்டிவரும் மணலில் உள்ள குவார்ட்ஸின் எண் 7. மென்மையான கல்லின் மீது கடினமான துகள். அதன் மீது நம் உடலின் எடை! காலை மணி அடிக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான கால்கள் சில நிமிடங்களில் அத்தரையைக் கடக்கின்றன. நாம் நடக்கவில்லை, உப்புத்தாள் கொண்டு தேய்க்கிறோம். வகுப்பறைகளில் அதே மொசைக் இன்னும் ஓரளவு பளபளப்பதையும் நுழைவாயிலில் மட்டும் மங்கிக் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் தானே விளங்கும்.

இரண்டாம் பகைவன் அமிலம். விழா வந்துவிட்டால் ஆசிட் பாட்டில் வந்துவிடுகிறது. ஊற்றியதும் நுரை பொங்குகிறது; அழுக்கு அகல்கிறது என்று மகிழ்கிறோம். முதலாம் ஆண்டு மாணவரைக் கேளுங்கள், சொல்லிவிடுவார்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டுடன் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு வெளிவரும். அந்த நுரை அழுக்கின் நுரையன்று, தரையே கரைகின்ற நுரை. உண்டாகும் கால்சியம் குளோரைடு நீரில் கரைந்து போய்விடும். மிஞ்சுவது சொரசொரப்பான, துளைவிட்ட பரப்பு. அத்துளைகளில் மறுநாளே தூசி குடியேறுகிறது. விழாவன்று வெளுத்த தரை அடுத்த மாதமே முன்னைவிடக் கறுப்பது இதனால்தான். அதோடு, ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். அதைக் குனிந்து சுவாசிப்பவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

“மொசைக் பாலிஷுக்கே ஆக்சாலிக் அமிலம் போடுகிறார்களே” என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. நம் ஆய்வகத்தில் பெர்மாங்கனேட்டுடன் பருமனறி பகுப்பாய்வு செய்கிறோமே, அதே ஆக்சாலிக் அமிலம்தான். ஆனால் அது கால்சியத்துடன் சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் ஆக்சலேட் நீரில் கரையாதது. மெல்லிய படலமாகக் கல்லின் மேலேயே தங்கிவிடும். சதுர மீட்டருக்கு 33 கிராம் அளவில் தூவி, நீர் தெளித்து, கம்பளித் திண்டால் அழுத்தித் தேய்ப்பது முறை. அதுவும் நச்சுப் பொருளே. தேர்ந்த கைகள் உறையணிந்து எப்போதாவது செய்ய வேண்டிய வேலை. அன்றாடம் கழுவுவதற்கு உரியது அன்று.

மூன்றாம் பகைவன் அழுக்குத் தண்ணீர். வள்ளுவர் புறத்தூய்மையை நீருக்கும் அகத்தூய்மையை வாய்மைக்கும் உரியதாக வைத்தார். நாமோ ஒரே வாளித் தண்ணீரில் நுழைவாயிலையும் தாழ்வாரத்தையும் துடைத்து முடிக்கிறோம். பாதி வேலையிலேயே வாளி சேற்றுக் குட்டை ஆகிவிடுகிறது. அதன்பின் நடப்பது துடைப்பதன்று, பூசுவது. நம் ஊர்க் கிணற்று நீர் கடின நீர். அதில் சோப்புக் கரைத்தால் கரையாத கால்சியம் சோப்பு உண்டாகித் தரைமேல் ஆடையாகப் படிகிறது. மினுமினுப்புக்காக மண்ணெண்ணெய் கலந்தால் எண்ணெய்ப் பசையில் புழுதி ஒட்டிக்கொள்கிறது.

அப்படியானால் வழி என்ன? வாயிலுக்கு வெளியிலும் உள்ளேயும் நல்ல அகலமான தேங்காய்நார் மிதியடிகளை விரிக்க வேண்டும். நான்கைந்து எட்டு வைக்கும் நீளம் இருந்தால் மணலின் பெரும்பகுதி அங்கேயே உதிர்ந்துவிடும். அவற்றை நாள்தோறும் உதற வேண்டும். ஈரத்துணி போடுமுன் நன்கு பெருக்க வேண்டும். மணல் கிடக்கத் துடைத்தால் நாமே கீறியவர் ஆவோம். ஒரு வாளியில் அமிலமும் காரமும் இல்லாத தரைகழுவி சிறிது கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர் என இரண்டு வாளிகள் வேண்டும். நிறம் மாறியதும் நீரைக் கொட்டிவிட வேண்டும். கோடை விடுமுறையில் ஒருமுறை எந்திரம் வைத்து மெல்லத் தேய்த்தால் பழைய ஒளி திரும்பும். ஆண்டுதோறும் தேய்க்கவும் கூடாது. நம் கையிருப்பு 6 மில்லிமீட்டர்தான் என்பதை மறக்கலாகாது. மெழுகு போடுவதாயின் மிக மெல்லியதாகப் போட வேண்டும். மழைநாளில் மெழுகுத் தரை வழுக்கினால் பளபளப்பு எலும்பு முறிவில் முடியும்.

டைல்ஸ் பதித்தாலும் இதே மணல்தான் வரும், இதே வாளிதான் வரும். மேற்பூச்சு தேய்ந்த டைல்ஸை மீண்டும் மெருகேற்ற முடியாது; பெயர்த்துப் போட வேண்டும். மொசைக்கோ தேய்க்கத் தேய்க்கப் புதிதாகும். டைல்ஸுக்கு ஆகும் தொகையில் சிறு பங்கிலேயே மிதியடிகளும் வாளிகளும் கையுறைகளும் ஒருமுறை மெருகும் முடிந்துவிடும்.

இவை அனைத்திற்கும் மேலாக ஒன்று. அத்தரையைத் துடைப்பவர் நம்மைவிட வயதில் மூத்த ஓர் அம்மா. அவர் துடைத்து முடித்த ஈரத்தின் மீதே நாம் நடந்து செல்கிறோம். அவர் மறுபேச்சின்றி மீண்டும் குனிகிறார். அவர் கையில் ஒரு வாளியையும் ஆசிட் பாட்டிலையும் கொடுத்துவிட்டு, “அழுக்குப் போகவில்லை” என்று சொல்வது அறமாகுமா? வேலைக்கு உரிய கருவியும், தரை உலர்வதற்கு உரிய நேரமும் கொடுத்த பிறகல்லவா குறை சொல்லும் உரிமை நமக்கு வரும்?

ஆகவே பேராசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன்: டைல்ஸ் பற்றி முடிவெடுக்குமுன் மிதியடிக்கும் இரண்டு வாளிகளுக்கும் ஓராண்டு வாய்ப்புக் கொடுங்கள். துடைக்கும் வேலை முதல் மணிக்கு ஒரு மணி நேரம் முன்பே முடியுமாறு நேரம் வகுத்துக் கொடுங்கள். மாணவ நண்பர்களை வேண்டுவது இன்னும் எளிது: மிதியடியில் இரண்டு முறை காலைத் தேயுங்கள், ஈரம் கண்டால் பக்கவாயில் வழியாக வாருங்கள். ஆளுக்கு அரை நிமிடம்தான் ஆகும். அந்த அம்மாவுக்கோ ஒருமுறை குனியும் வேலை மிச்சமாகும்.