கருவியும் அதன் உறையும்

ஏட்டுச் சுவடிக்குச் சட்டம் காவல். வாளுக்கு உறை காவல். இக்காலத்து நுண்கருவிகளுக்கோ உறை காவல் மட்டுமன்று. கருவியின் ஒரு பாதியுமாகும்.

மயிரிழையனைய வழிகளிற் சிறு துளி நீர்மத்தைச் செலுத்தி நோயறியும் கருவிகள் இன்று பெருகியுள்ளன. சலரோகமுடையோர் கையாளும் சோதனைக் கீற்று அவற்றுள் எளியது. திரி எண்ணெயை ஏற்றுமாப்போல, அதன் நுனி ஒரு மைக்குரோ லீற்றரளவு இரத்தத்தைத் தானே உறிஞ்சுகின்றது. உள்ளே பூசிய நொதியம் இரத்தத்துச் சீனியோடு வினைபுரிய, எழும் நுண்ணிய மின்னோட்டத்தை மானி எண்ணாக்கிக் காட்டுகின்றது. அந்நொதியத்துக்குப் பகை ஈரம். ஆதலினாலேயே கீற்றுப் புட்டியினுள் ஈரமுறிஞ்சும் பொருள் வைக்கப்படுகின்றது.

எமது அயலில் வாழும் முதிய அம்மையார் ஒருவர், புட்டியின் இறுகிய மூடியைத் திறக்க விரல் நோகின்றதென்று, கீற்றுக்களைத் தகரப் பேணியொன்றில் இட்டு வைத்தார். அது மாரிகாலம். மானி காட்டிய எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்ட எண்ணியிருந்தார். நல்வினைப் பயனாக, அன்று வைத்தியரிடஞ் செய்த பரிசோதனை வேறெண் காட்டிற்று. புட்டியில் எச்சரிக்கை இல்லாமலில்லை. ஆங்கிலத்தில், எறும்புக்கால் எழுத்தில் இருந்தது. பிழை அம்மையாரதா, உறை வகுத்தோரதா?

காகிதத்திலேயே நுண்வழிகளை வகுக்கும் முறையை 2007 ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோர்ஜ் வைற்சைட்சும் அவர்தங் குழுவினரும் வெளியிட்டனர். கருவியை மலிவாக்க அறிஞர் முயல்கின்றனர், நன்று. ஆயின், ஈரக்காற்று வீசும் ஊரிலே, நடுங்குங் கைக்கு உதவாத உறையினுள் இருக்கும் மலிவுக் கருவியால் யாது பயன்?

எனவே மூன்று வேண்டும். மூடி இறுக்கமாயினும் முதியோர் கைக்கு இசைதல் வேண்டும். ஈரம் புகுந்தால் நிறம் மாறுங் குறியொன்று உள்ளே வேண்டும். கோபாற்றுக் குளோரைட்டுத் தாள் ஈரம் பட்டு நீலம் நீங்கிச் சிவந்ததைக் கல்லூரி ஆய்வுகூடத்திற் கண்டோமன்றோ? அதுபோன்ற, தீங்கற்ற குறியொன்று போதும். மூன்றாவதாக, எச்சரிக்கை நற்றமிழிற் பெரிய எழுத்தில் அமைதல் வேண்டும். புட்டி சிறிதென்பாருளர், இடமில்லையேல் படம் பேசுமே!

இக்கல்லூரியிற் பயின்று பொறியியலாளராயும் மருத்துவராயும் விளங்கும் அன்பர்காள்! கருவி செய்யுங்கால் அதனைத் திறக்கப்போகும் கையையும் ஒருகணம் நினைமின்.