தலைமுடி சொல்லும் சேதி

தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி முடி கொட்டுகிறது என்று சொன்னால், அவளுக்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒரு தைலத்தின் பெயராகவே இருக்கிறது. அழகு பற்றிய கவலை என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். சில வேளைகளில் அது கழுத்திலிருந்து வரும் முறையீடு என்பதை அறிந்தவர் குறைவு.

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொய்ட் சுரப்பி மந்தமானால் மயிர்க்கால்கள் பலவும் ஒருசேர ஓய்வுநிலைக்குப் போகின்றன. சில மாதங்களில் தலை முழுவதும் முடி மெலிகிறது. புருவத்தின் வெளிமுனையும் உதிரக்கூடும். கூடவே அலுப்பு, உலர்ந்த தோல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியனவும் வரும். மலைநாட்டில் நோய் ஒளிந்துகொள்வது இங்கேதான். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் குளிர்கிறது என்றால் யார் பொருட்படுத்துவார்? நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்து பறித்தவள் அலுப்பு என்றால் அது செய்தியா? நிறை குறைந்தால் அரைப்பேர். போதாக்குறைக்குச் சோம்பேறி என்ற பட்டமும் சேரும்.

எல்லா முடி உதிர்வும் தைரொய்ட் கோளாறு அன்று. பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில மாதங்கள் முடி கொட்டுவது இயல்பு. தலையில் மாட்டிய கூடைக்கயிறு ஆண்டுக்கணக்கில் இழுத்து உராய்ந்தாலும் முன்தலை வெளிக்கும். இரத்தச்சோகை இன்னொரு காரணம். சுரப்பி தன் வேலையைச் செய்யவும் இரும்புச்சத்து வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரோ உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. தேயிலை பறிப்பவளுக்குத் தேயிலை செய்யும் கைம்மாறு!

இலங்கையில் 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. கண்டக்கழலையைக் குறைக்க எடுத்த நல்ல முடிவு அது. ஆனால், உப்பில் அயடின் இருப்பதால் இந்நோய் வராது என்று எண்ணுவது பிழை. அயடின் போதுமான இடங்களில், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதுதான் இக்குறைபாட்டுக்கு முதன்மைக் காரணம்.

இதைக் கண்டறிய டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை ஒன்றே பெரும்பாலும் போதும். தடை அதன் கடினம் அன்று. ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போய்வர இழக்கும் ஒருநாள் பேர்தான். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கி அங்கே வர முடியாதவளுக்குக் கட்டடத்தால் என்ன பயன்? தோட்ட மருந்தகத்திலேயே இரத்தம் எடுத்து அனுப்பும் ஏற்பாடு வேண்டும். சம்பளத்துக்காக வாதாடும் தொழிற்சங்கங்கள், வைத்தியசாலைக்குப் போகும் நாளுக்கும் முழுப்பேர் கேட்டால் என்ன?

நோய் உறுதியானால் மாத்திரை தினமும் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையும் விழுங்குபவர்கள் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விட வேண்டும். முடிக்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் பரிசோதனை முடிவையே பிறழச் செய்யக்கூடும். அவற்றை உண்பவர்கள் இரத்தம் கொடுக்குமுன் வைத்தியரிடம் சொல்லிவிடுவது நல்லது. சிகிச்சை தொடங்கிய பின்னும் முடி வளரச் சில மாதங்கள் ஆகும். அலுப்பு அதற்கு முன்பே குறையத் தொடங்கும்.