யாழ் நூலின் முதற்பதிப்பு எது?

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஆக, ஆசிரியர் கண்ணால் கண்டது முதற்பதிப்பு மட்டுமே.

அதை அடையாளம் காண முகவுரைத் தேதியை நம்பக்கூடாது. மறுபதிப்பிலும் பழைய முகவுரை அப்படியே வரலாம். தலைப்புப் பக்கத்தின் முன்னும் பின்னும் பதிப்பாண்டு, பதிப்பு எண், அச்சகப் பெயர் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

ஆனால் மட்டக்களப்பில் இப்படித் தேடுவதிலுள்ள சிக்கலே வேறு. 1978 சூறாவளிக்கும் 2004 சுனாமிக்கும் தப்பிய புத்தகங்களை வாவிக்கரை ஈரமும் கறையானும் விடுவதில்லை. போதாக்குறைக்கு, பைண்டிங்கின்போது கிழிந்த முன்பக்கங்களை (நல்லெண்ணத்தில்தான்) வீசிவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளிவந்தது 1964-இல். பதிப்பாண்டு உள்ள முன்பக்கம் போனால் அந்த ஆண்டும் போயிற்று. நூலகங்கள் முன்பக்கங்களைப் படமெடுத்த பிறகே நூலைப் பைண்டரிடம் கொடுக்க வேண்டும்.