அடைக்கோழியும் குஞ்சுகளும்: நட்டம் எங்கே ஏற்படுகின்றது?

கோழி அடைக்கு வந்தவுடன் அதனை ஒரு தொல்லையாகக் கருதுவோர் பலர். முட்டை நின்றுவிட்டது, கூட்டை விட்டு எழும்ப மறுக்கின்றது, கிட்டப் போனால் சிறகை விரித்துக் கொத்த வருகின்றது. வேறு சிலரோ, அடைக்கு வந்த கோழிகள் அனைத்துக்கும் முட்டை வைத்துவிட்டு, பொரித்த குஞ்சுகளை முற்றத்தில் விட்டதும் தங்கள் கடமை முடிந்தது என்றிருப்பர். இவ்விரு வழக்கங்களும் நட்டத்தையே தருவன. ஊர்க்கோழியில் இலாபமில்லை என்று கூறப்படுவதற்குக் காரணம் கோழியின் சாதியன்று. குஞ்சு பொரித்த முதல் மாதத்தில் அதற்குக் கிடையாத பராமரிப்பே ஆகும்.

ஊர்க்கோழி ஒரு தடவையில் 10 முதல் 15 முட்டை வரை இடும். பின்னர் 21 நாள் அடைகிடக்கும். அதன்பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளுடன் திரியும். ஆகவே ஒரு தடவைக்கு ஏறக்குறைய நான்கு மாதம் செல்கின்றது. இந்நான்கு மாத உழைப்பின் முடிவில் மூன்று நான்கு குஞ்சுகளே மிஞ்சுமாயின், எஞ்சியவற்றைப் பருந்தும் காகமும் கீரியும் மழையும் பங்கிட்டுக்கொண்டன என்பதே பொருள். வயலில் விதைத்த நெல்லின் பெரும்பகுதியைப் பறவைக்கு விட்டுவிட்டு வாளாவிருக்கும் கமக்காரர் ஒருவருமிலர். கோழிக்குஞ்சு விடயத்தில் மட்டும் அது விதி எனக் கொள்ளப்படுகின்றது.

அடைகாக்கும் குணத்தை இகழ்வது பொருந்தாது. வெள்ளை லெக்கோன் போன்ற முட்டைச் சாதிகளில் அக்குணம் தெரிவு முறையால் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. அவை முட்டையிடும்; தாயாகா. கடையில் வாங்கும் பண்ணை முட்டையோ சேவலின்றி இடப்பட்டது. அதனை அடைவைப்பதால் பயனில்லை. மின்சாரமும் மண்ணெண்ணெயும் கேளாது குஞ்சு பொரித்து, அவற்றைச் சூடாகவும் வைத்திருப்பது ஊர்க்கோழி ஒன்றே.

எனினும் எல்லாக் கோழியையும் அடைவைத்தல் கூடாது. முன்னர் குஞ்சுகளை நன்கு காத்த, அமைதியான கோழியைத் தெரிந்தெடுத்து, மற்றவற்றின் அடையைக் கலைத்தல் நன்று. தண்ணீரில் அமிழ்த்துவதும், மூக்கில் இறகு செருகுவதும், பட்டினி போடுவதும் கொடுமையேயன்றி வைத்தியமல்ல. பட்டினி கிடந்த கோழி மீண்டும் முட்டையிடப் பிந்தும். வயிற்றின் கீழ்ச் சேரும் சூடே அடைக்குணத்தை நீடிக்கச் செய்கின்றது. ஆதலால் கம்பி அல்லது சலாகை அடித்தளமுள்ள கூட்டில், வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில், உணவும் நீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் வைத்தால் அடை கலைந்துவிடும்.

அடைவைக்கும் முட்டைகள் ஒரு வாரத்துக்கு மேற்படாதனவாயும், குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டனவாயும் இருத்தல் வேண்டும். கோழியின் பருமனுக்கேற்ப 8 முதல் 12 முட்டை போதும். பெட்டியின் அடியில் மணலும் அதன்மேல் வைக்கோலும் இட்டு, இருட்டியபின் கோழியை வைத்தல் நன்று. ஏழாம் நாள் இரவில் ரோச் விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிவந்த நரம்புகள் சிலந்திவலை போலத் தெரியும், தெளிவாயிருப்பனவற்றை நீக்கிவிடலாம். பொரிக்கும் நாளில் ஓட்டை உடைத்து உதவ முயலுதல் வேண்டாம்.

உண்மையான வேலை இதன்பின்பே தொடங்குகின்றது. பொரித்த குஞ்சுக்கு வயிற்றிலுள்ள மஞ்சட்கரு ஓரிரு நாளைக்கு உணவாகும். எனவே அவசரப்பட்டு அரிசி இறைக்க வேண்டியதில்லை. நான்கு வாரம் வரை தாயையும் குஞ்சுகளையும் கரப்பின் கீழ் அல்லது சலாகைக் கூட்டில் வைத்தல் வேண்டும். சலாகைகளின் இடைவெளி குஞ்சு நுழையவும் தாய் நுழையாதிருக்கவும் தக்கதாயின், குஞ்சுத் தீனைத் தாய்க்கு எட்டாத பக்கத்தில் வைக்கலாம். பகலில் கூட்டருகே ஆளிருக்கும்போது மட்டும் குஞ்சுகளை வெளியே உலவ விட்டாற் போதும். தாயின் குரல் அங்கிருப்பதால் அவை தூரம் போகா.

குறுணல் மட்டும் கொடுக்கும் வழக்கம் மிகப் பரந்தது, தவறானதும் அதுவே. குறுணல் வயிற்றை நிரப்பும். உடலையும் இறகையும் வளர்க்கப் புரதம் வேண்டும். குஞ்சுத் தீன் வாங்க இயலாதோர் குறுணலுடனும் குரக்கனுடனும் தேங்காய்ப் பிண்ணாக்கும் மீன்தூளும் கலந்து கொடுக்கலாம். கறையான் கிடைக்குமிடத்தில் அதற்கு நிகரான உணவில்லை. நீர்த்தட்டு ஆழமற்றதாய் இருத்தல் வேண்டும். அதில் சிறு கற்களை இட்டுவைத்தால் குஞ்சு மூழ்கி இறவாது. கூட்டை நாள்தோறும் உலர்ந்த புதிய இடத்துக்கு மாற்றுதல் வேண்டும். ஈரத்தரையே இரத்தக்கழிச்சலின் விளைநிலம்.

அடைத்து வளர்த்தால் குஞ்சு கிளறக் கற்றுக்கொள்ளாது என்பர் முதியோர். இதில் சிறிது உண்மை உண்டு. ஆயினும் கிளறப் பழகுவதற்கு ஐந்தாம் வாரமும் பிந்தியதன்று. மேலும், குஞ்சுகளுடன் திரியும் தாய்க்கோழியே வெங்காயப் பாத்தியையும் கத்தரி நாற்றுமேடையையும் அதிகம் பாழாக்குவது. வேலிக்கு அப்பாலுள்ள பாத்தியில் பூச்சிநாசினி தெளிக்கப்பட்டிருப்பின் குஞ்சுகளும் மடியும். அயலாரின் நட்பும் கெடும். ஒரு மாதக் கூட்டுவாசம் இவ்விரண்டையும் தவிர்க்கும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தாயைக் குஞ்சுகளின் சத்தம் கேளாத இடத்துக்கு மாற்றினால், அது விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். பருவத்தையும் கவனித்தல் அவசியம். வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பொரித்த குஞ்சு நனைந்தே இறக்கும். தை மாதம் பொரிக்கும் குஞ்சுகள் வெளியே திரியத் தொடங்கும்போது பெரும்போக அறுவடையின் சிந்திய நெல்லும் கிடைக்கும்.

இவ்வளவும் செய்தபின்னரும் ஒரே வாரத்தில் வளவைக் காலியாக்க வல்லது இராணிக்கெட்டு நோய். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1926 இல் காணப்பட்டதால் நியூகாசில் நோய் எனவும் வழங்கும் இந்நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசியே உண்டு. குஞ்சுகளுக்கு அதனை எந்த வயதில் எம்முறையிற் கொடுப்பதென்று அப்பகுதி மிருகவைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். ஒரு குப்பி மருந்து பல வீட்டுக் கோழிகளுக்குப் போதுமாதலாலும், கரைத்த மருந்தை மறுநாளைக்கு வைத்திருக்கலாகாது என்பதாலும், அயலவர் சேர்ந்து ஒரே நாளில் கொடுப்பதே சிக்கனமாகும். குப்பியைப் பனிக்கட்டியுடன் கொண்டுவருதல் வேண்டும். வெயிலில் சூடேறிய மருந்து கோழிக்கு ஒரு காப்பும் அளிக்காது.