வீடு கொடுப்பதும் மறுப்பதும் நம் கையில்தானே!

நான் பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. விழுப்புரம் பக்கம் ஒரு சிறிய டவுன். இந்தப் பகுதியில் மாமியார் பிரச்னை, பிள்ளைகள் படிப்பு, நகைச் சீட்டு என்று எத்தனையோ எழுதுகிறோம். திருநங்கையருக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பது பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

வீட்டுப் பத்திரம் ஆண்கள் பெயரில் இருக்கலாம். ஆனால் எந்தக் குடித்தனத்தை வைப்பது, யாரை வேண்டாம் என்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாதான். "எத்தனை பேரு? சொந்த ஊரு எது? கறி மீன் சமைப்பீங்களா?" என்று கேட்பது நாம்தானே? அட்வான்ஸை எண்ணி வாங்கி பீரோவில் வைப்பதும் நாம்தான். ஆகவே, திருநங்கைகளுக்கு வீடு கிடைக்கவில்லை என்றால் அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அரசாங்கம் தமிழ்நாட்டில் ஓரளவு செய்துதான் இருக்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாக 2008 ஏப்ரல் 15 அன்று அவர்களுக்கென்று நல வாரியம் இங்கேதான் வந்தது. காது கூசும் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டது போய், அரவாணி என்று ஆகி, பிறகு திருநங்கை என்ற நல்ல பெயரும் வந்தது. 2014இல் அதே ஏப்ரல் 15ஆம் தேதி, ஆண், பெண் போல மூன்றாம் பாலினமும் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 2021இல் டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் வேண்டாம் என்று ஆனபோது, அந்த வருடமே அவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரித்திகா யாஷினி கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து 2017இல் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜுக்கு பரதத்துக்காக 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022இல் வேலூர் மாநகராட்சிக்கு ஒரு திருநங்கையை ஓட்டுப் போட்டு கவுன்சிலராகவே அனுப்பினார்கள்.

இவ்வளவும் சரி. ஆனால் ரேஷன் கார்டு, பாங்க் கணக்கு, கேஸ் கனெக்‌ஷன், வாக்காளர் அட்டை எதற்குப் போனாலும் முதலில் கேட்பது விலாசம். விலாசம் வேண்டும் என்றால் வீடு வேண்டும். வீட்டுச் சாவி நம் முந்தானையில் அல்லவா முடிந்திருக்கிறது!

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இரண்டு திருநங்கைகள் குடியிருக்கிறார்கள். மூத்தவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். காலையில் இட்லி, சாயந்திரம் பணியாரம் போட்டு விற்கிறார்கள். தேங்காய்ச் சட்னி அப்படி ஒரு ருசி! (என் மகன் நான் செய்கிற சட்னியைத் தொடுவதில்லை, அது வேறு கதை.) வாடகை பாக்கி கிடையாது, சண்டை சத்தம் கிடையாது. போன மாசியில் வீட்டுக்கார அம்மா திடீரென்று காலி பண்ணச் சொல்லிவிட்டார். காரணம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நாளைக்கு நாலு பேரு நாலு விதமா கேப்பாங்க" என்கிறார்.

அந்த நாலு பேர் யார் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. எந்த வீட்டு விசேஷத்திலும் அவர்களைப் பார்த்ததே இல்லை.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இதைப் பேசினோம். சும்மா பேசவில்லை, பெரிய வாக்குவாதமே நடந்தது. "நமக்கு எதுக்கு ஊர் வம்பு, லோன் தவணை கட்டுற வேலையைப் பாப்போம்" என்று இரண்டு பேர். "வயசுப் பொண்ணு இருக்கிற தெரு" என்று ஒருத்தி. உடனே இன்னொரு அக்கா, "என் பொண்ணு டியூஷன் முடிஞ்சு வர்றப்ப கூட வர்றது யாரு? பணியாரக் கடை அக்காதானே? டாஸ்மாக் வாசல்ல நிக்கிறவங்களுக்குப் பயப்படாம இவங்களுக்கு எதுக்குப் பயம்?" என்று கேட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஏழு பேர் கிளம்பிப் போனோம். திருநங்கைகள் தரப்பில், மாவட்டத்தில் பல ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கமாக வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் காலேஜ் படித்தவர். 2019இல் மத்திய அரசு கொண்டு வந்த சட்டத்தின் நகல் கையில் வைத்திருந்தார். திருநங்கை என்ற காரணத்துக்காக வீடு வாங்கவோ வாடகைக்கு இருக்கவோ மறுக்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. குடியிருக்கும் இடத்தை விட்டு வற்புறுத்தி வெளியேற்றினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஜெயில் என்றும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் அதை நீட்டி மிரட்டவில்லை. "அம்மா, கேஸ் போட்டு ஜெயிச்சு உங்க வீட்ல உக்காந்தா, நாளைக்கு நீங்க எங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுப்பீங்களா? நாங்க கேஸ் போட வரல, கேட்டுப் பாக்க வந்தோம்" என்றார். நான் இருபது வருடமாகக் குடும்பத்தில் கற்றுக்கொண்ட பேச்சு சாமர்த்தியம் எல்லாம் அதற்கு முன்னால் தூசு.

வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தார். பதினோரு மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டார்கள். ஆனால் வாடகையில் 500 ரூபாய் கூட்டிவிட்டார். அதே காம்பவுண்டில் அதே அளவு போர்ஷனில் இருக்கும் மற்ற இரண்டு குடித்தனத்துக்கும் பழைய வாடகைதான். அந்த 500 ரூபாய் எதற்கு? கரண்டுக்கா, தண்ணிக்கா? அக்கா ஒன்றும் சொல்லாமல் கட்டுகிறார். எனக்குத்தான் மனது ஆறவில்லை.

சங்கம் என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு வரும் பிள்ளையை மூத்த திருநங்கை ஒருவர் மகளாகத் தத்தெடுத்துக்கொள்வது அவர்களுக்குள் காலங்காலமாக இருக்கும் வழக்கம். பெற்றவள் விட்டதை இன்னொரு அம்மா எடுத்துக்கொள்கிறாள். அதுதான் அவர்களுடைய பழைய சங்கம். இப்போது அதோடு மனு எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள் அன்று கும்பலாகப் போய் வரிசையில் நிற்கிறார்கள். மனைப் பட்டா கேட்கிறார்கள். தனியாகப் போனால் வாசலிலேயே கேலி பேசி அனுப்பிவிடுவார்களாம், பதினைந்து பேராகப் போனால் நாற்காலி போடுகிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

"கடைகடையாகக் கை தட்டிக் காசு கேட்கிறார்களே, ரயிலில் வம்பு செய்கிறார்களே" என்று சில வாசகியருக்குக் கோபம் வரலாம். எனக்கும் அது பிடிக்காது. ஆனால் வீடும் இல்லை, வேலையும் இல்லை என்று நாம் கதவைச் சாத்தினால் அவர்கள் எந்தக் கையால் சம்பாதிப்பது? சித்திரை பௌர்ணமிக்கு உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கும்போது எத்தனையோ மாநிலத்திலிருந்து வருகிறார்கள். விழுப்புரத்து லாட்ஜ்கள் நிரம்பிவிடும். டி.வி.யில் அழகிப் போட்டி காட்டுவார்கள், நாமும் உட்கார்ந்து பார்ப்போம். தாலி அறுத்து அழுவதைப் பார்த்து நாமும் கண் கலங்குவோம். மற்ற நாட்களில் அவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று நினைத்ததுண்டா?

எனக்கு இதில் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. என் பெரியம்மாவின் பிள்ளை பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனார். அடித்தார்கள், மந்திரித்தார்கள், ஒருநாள் காணோம். பம்பாயில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெரியம்மா இறந்தபோது, கடைசி நேரத்தில் அந்தப் பெயரைத்தான் கேட்டார். சொல்லி அனுப்ப எங்களிடம் விலாசம் இல்லை.

பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ ஆசைப்படுவது பற்றியும் பேச வேண்டும்தான். அது குற்றமில்லை என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று சொல்லி, தானே ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதினார். இவர்களை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் செய்வதற்கும் தடை போட்டார். நீதிபதியே படித்துத் தெரிந்துகொண்டார், பெற்றவர்கள் ஏன் செய்யக்கூடாது? எங்கள் குழுவில் இதைப் பேச இன்னும் வாய் வரவில்லை. ஒரு தடவை ஆரம்பித்தேன், உடனே எல்லாருக்கும் வீட்டில் பால் பொங்குகிற ஞாபகம் வந்துவிட்டது!

நான் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. உங்கள் போர்ஷன் காலியானால், மற்றவர்களிடம் கேட்கிற கேள்விகளையே அவர்களிடமும் கேளுங்கள். எத்தனை பேர், என்ன வேலை, அட்வான்ஸ் எவ்வளவு, அவ்வளவுதான். வாடகையும் ஒரே வாடகை. சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் உங்கள் ஊரில் அவர்கள் சங்கம் எங்கே கூடுகிறது என்று விசாரித்து ஒரு தடவை போய்ப் பாருங்கள். மனு கொடுக்க அவர்கள் போகும்போது நம்மில் இரண்டு பேர் கூட நின்றாலே ஆபீஸ்காரர்கள் பேசுகிற தொனி மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த தை மாதத்தோடு அந்தப் பதினோரு மாதம் முடிகிறது. எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனும் அதற்குள் காலியாகிறது. வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. என் கணவர், "அம்மா சரின்னா எனக்கு சரி" என்று நழுவிக்கொண்டார். மாமியாரிடம் நானே கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பணியாரம் போடுறவளா? யோசிச்சு சொல்றேன்" என்றிருக்கிறார்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்.