அந்தச் சாய்கோட்டை அடியுங்கள்



போன வாரம் முத்தியால்பேட்டையிலிருந்து என் அக்கா ஓர் அலுவலகத்துக்குப் போனார். வயது 78. அறிவிப்பில் 'ஆதார் மற்றும்/அல்லது குடும்ப அட்டை' என்றிருந்தது. ஆதாரை மட்டும் நீட்டினார். "ரெண்டும் வேணும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இரண்டையும் கொண்டுபோனால், வேறொருவர் "ஒண்ணு போதுமே" என்கிறார். ஆட்டோ கூலியை யார் கொடுப்பது?

ஆங்கிலத்தின் 'அண்ட்/ஆர்' தமிழ் வேட்டி கட்டி வந்ததுதான் இது. பிரெஞ்சில் 'எ/ஊ'. இதுவோ, அதுவோ, இரண்டுமோ என்று பொருள். எழுதுகிறவருக்கு வசதி, படிக்கிறவருக்கு வம்பு. 1855-லேயே ஒரு கப்பல் சரக்கு ஒப்பந்தத்தில் இதற்குப் பொருள் கேட்டு இங்கிலாந்தில் வழக்காடினார்கள். பின்னாளில் பிரபுக்கள் சபை நீதிபதி வைகவுண்ட் சைமன் இதை முறைதவறிப் பிறந்த இணைப்புச்சொல் என்றே வைதார்.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பாருங்கள். சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று பிரிவுக்குப் பிரிவு விரித்தே எழுதியிருக்கிறார்கள். ஆளைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்துக்கே தேவைப்படாத சாய்கோடு, ஓர் அட்டை நகல் கேட்க எதற்கு?

நம்மிடம் 'உம்' இருக்கிறது, 'ஓ' இருக்கிறது. இரண்டும் வேண்டுமென்றால், 'ஆதாரும் குடும்ப அட்டையும்'. ஒன்று போதுமென்றால், 'ஆதாரோ குடும்ப அட்டையோ, ஏதேனும் ஒன்று'. எட்டாம் வகுப்பில் நடத்திய பாடம்தான்.

உங்களில் பலர் இன்று அலுவலக நாற்காலியில் இருக்கிறீர்கள். அடுத்த படிவம் மேசைக்கு வரும்போது அந்தச் சாய்கோட்டை அடித்துவிட்டு, எது வேண்டும் என்று முடிவு செய்து எழுதுங்கள். முழு மதிப்பெண் நான் போடுகிறேன்.