ஈரலை மறந்த டெங்கு வைத்தியம்

நுளம்பு கடித்த இடத்திலிருந்து குருதிக்குள் ஏறும் டெங்கு வைரஸ் தாக்கும் உறுப்புகளில் ஈரல் முதன்மையானது. ஆனால் சாய்ந்தமருது, கல்முனைக் கரையோரத்தில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்ததும் ஈரலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "பிளேட்லட் எத்தனை?" என்பதுதான் கேள்வி. எண் இறங்கினால் வீடு கலங்குகிறது, ஏறினால் ஆறுதல் அடைகிறது. அதை ஏற்றுவதற்குப் பப்பாசி இலைச்சாறு, காய்ச்சலை இறக்குவதற்குப் பனடோல். இவ்விரண்டும் கொடுத்தால் நோய் கைக்குள் வந்துவிடும் என்பது ஊரின் உறுதியான நம்பிக்கை. இந்த நம்பிக்கை பிழையானது. பிழை என்பதோடு நின்றால் பரவாயில்லை. வைரஸ் ஏற்கெனவே புண்ணாக்கிய ஈரலின் மீது, நோயாளியை நேசிப்பவர்களின் கையாலேயே அது மேலும் சுமையை ஏற்றுகிறது.

சாய்ந்தமருதுக்கு டெங்கு புதிதல்ல. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. நடுவே மதிலோடு மதில் உரசும் வீடுகள். மாரி மழை பிடித்துவிட்டால் கூரைப் பீலியிலும், மூடாத சீமெந்துத் தொட்டியிலும், வளவில் கிடக்கும் சிரட்டையிலும் டயரிலும் தேங்கும் தண்ணீர் ஈடிஸ் நுளம்புக்குப் போதும். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்தம் வெளியிடும் அறிக்கையில் அம்பாறைக்கு ஒரு வரி, கல்முனைக்குத் தனியாக ஒரு வரி. 2017இல் நாடு முழுவதும் 186,000இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 300இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று இதே கிழக்கு மாகாணத்தின் கிண்ணியா. இத்தனையும் கண்ட பிறகும் நோயைப் பற்றிய ஊரறிவு ஒற்றை எண்ணிலேயே நிற்கிறது.

ஈரலுக்குள் நடப்பது என்ன? வைரஸ் ஈரற்கலங்களிலும், ஈரலின் காவற்கலங்களான குப்பர் கலங்களிலும் தொற்றுகிறது. டெங்கினால் இறந்தவர்களின் ஈரலை நுணுக்குக்காட்டியில் பார்த்த ஆய்வாளர்கள், சிறுசோணைகளின் நடுவலயத்தில் கலங்கள் மடிந்திருப்பதையும், கலங்களுக்குள் சிறு சிறு கொழுப்புத் துளிகள் திரண்டிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். மஞ்சட் காய்ச்சல் ஈரலில் விட்டுச்செல்லும் அடையாளங்களை ஒத்தவை இவை. இரு வைரஸ்களும் ஒரே குடும்பத்தவை என்பதால் இதில் வியப்பில்லை. அடுத்த அடி உடலின் நிர்ப்பீடனத் தொகுதியிடமிருந்து வருகிறது: தொற்றுப்பட்ட கலங்களை அழிக்க வரும் வெண்கலங்களும் அவை சுரக்கும் பொருட்களும் ஈரலையும் சேர்த்துக் காயப்படுத்துகின்றன. மூன்றாவது அடி எல்லோருக்கும் விழுவதில்லை, விழுந்தால் மிகக் கொடியது. குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகும்போது, ஈரலுக்கு வரும் குருதியும் ஒட்சிசனும் குறைந்து கலங்கள் கூட்டமாக மடிகின்றன.

இந்தக் காயம் அபூர்வமானதும் அல்ல. ஈரற்கலம் சேதமடைந்தால் குருதியில் கூடும் நொதியங்கள் இரண்டு: ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி. ஆய்வுகூட ரிப்போட்டில் இவை எஸ்.ஜி.ஓ.ரி., எஸ்.ஜி.பி.ரி. என்றும் இருக்கும். தாய்வானில் 270 டெங்கு நோயாளர்களை ஆராய்ந்து 1992இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏ.எஸ்.ரி. கூடியிருந்தது, பத்தில் எட்டுப் பேருக்கு ஏ.எல்.ரி. கூடியிருந்தது. பிரேசிலில் 1,585 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வில் இந்த அளவு குறைவு, ஆனாலும் ஏ.எஸ்.ரி. கூடியவர்கள் அங்கும் பாதிக்கு மேல். பெரும்பாலானவர்களில் இந்த உயர்வு சிறியது, சில கிழமைகளில் தானாகவே இறங்கிவிடும். மிகச் சிலரில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. இரண்டில் ஏதாவது ஒன்று 1,000 அலகை எட்டினால், வேறு எந்தக் குறி இல்லாவிட்டாலும் அதைக் கடுமையான டெங்கு என்றே கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி.

அப்படியிருக்க, பிளேட்லட் எப்படித் தனிக்காட்டு ராசா ஆனது? ரிப்போட்டில் கண்ணுக்குத் தெரியும் எண் அதுதான். தினமும் மாறுவதும் அதுதான். டொக்டர்களும் அதைப் பார்க்கிறார்கள், ஆனால் வேறொரு காரணத்துக்காக. பிளேட்லட் 100,000இற்குக் கீழே இறங்குவது, திரவம் கசியும் ஆபத்தான கட்டம் நெருங்குகிறது என்பதற்கு அறிகுறி. அது ஒரு கடிகாரம். மணி பார்க்க உதவும், முள்ளைக் கையால் திருப்பிவிட்டால் நேரம் மாறாது. கசிவை அறிய அந்த எண் மட்டும் போதாது. குருதி தடித்துப்போவதைக் காட்டும் பி.சி.வி., நாடித்துடிப்பு, குருதியமுக்கம், சிறுநீரின் அளவு ஆகிய எல்லாம் வேண்டும்.

பிளேட்லட் குறைந்தால் குருதி கொட்டி ஆள் போய்விடும் என்ற பயமும் முழுமையான உண்மை அல்ல. எண் 20,000இற்குக் கீழே போயும் ஒரு துளி குருதி கசியாதவர்கள் உண்டு. அதைவிட மேலே இருந்தும் பெருமளவு குருதி இழந்தவர்கள் உண்டு. குருதி உறையப் பிளேட்லட் மட்டும் போதாது. உறைதலுக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது ஈரல்தான். நீண்ட அதிர்ச்சியில் ஈரல் சாய்ந்துவிட்டால் அந்தப் புரதங்களும் வற்றிவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளேட்லட் 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்த 372 வளர்ந்தோரை வைத்து நடந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. குருதிப்போக்கைத் தடுப்பதற்கென்று முன்கூட்டியே பிளேட்லட் ஏற்றியது பயன் தரவில்லை. ஏற்றியவர்களிலேயே பக்கவிளைவுகள் அதிகம் காணப்பட்டன. குழாய் வழியே நேரடியாக ஏற்றிய பிளேட்லட்டே செய்யாததை, ஒரு கோப்பைச் சாறு செய்யும் என்று நம்ப என்ன நியாயம்?

பப்பாசி இலைச்சாற்றுக்கு ஆதரவாகச் சான்றுகளே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2008இல் இலங்கை வைத்தியர் ஒருவர் 12 நோயாளர்களை வைத்து ஒரு சிறு அறிக்கை வெளியிட்டார். 2013இல் மலேசியாவில் 228 பேரிடம் நடந்த ஆய்வில், சாறு குடித்தவர்களின் பிளேட்லட் சற்று விரைவாக ஏறியது. ஆனால் டெங்கில் ஏழாம் எட்டாம் நாளளவில் பிளேட்லட் எதையும் குடிக்காமலேயே ஏறத் தொடங்கும். ஒப்பிட ஆளில்லாத அறிக்கையில் அந்த இயற்கையான ஏற்றத்துக்கும் சாற்றுக்கே பெயர் போகும். எண் விரைவாக ஏறியது என்று காட்டிய ஆய்வுகளும், கசிவு குறைந்தது, அதிர்ச்சி தடுக்கப்பட்டது, ஈரல் காக்கப்பட்டது, உயிர் தப்பியது என்று காட்டவில்லை. நோயாளிக்கு வேண்டியது இந்த நான்கும்தான்.

சாறு செய்யும் கெடுதி அடுக்களையிலேயே தொடங்குகிறது. ஆய்வில் அளந்து கொடுத்தார்கள். வீட்டில் கைக்கு வந்த இலையை அம்மியில் அரைத்து, துணியில் பிழிந்து, முகத்தைச் சுளிக்கும் பிள்ளையின் வாயில் ஊற்றுகிறார்கள். பிள்ளை வாந்தி எடுக்கிறது. "சாறு கைப்பு, அதனாலதான்" என்று வீடு ஆறுதல் கொள்கிறது. விடாத வாந்தியும் வயிற்று நோவும் டெங்கின் எச்சரிக்கைக் குறிகள். வலது விலாவுக்குக் கீழே ஈரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படுவதும் அப்படியே. வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய குறியை, சாற்றின் பக்கவிளைவு என்று எண்ணி வீடு தவறவிடுகிறது. அதோடு வாய் கைத்துப்போன பிள்ளை தண்ணீரையும் ஜீவனியையும் கஞ்சியையும் மறுத்துவிடுகிறது. அந்த நாட்களில் உயிரைக் காப்பது அவைதான்.

பனடோல் விடயம் இதைவிடக் கவலைக்குரியது. டெங்குக் காய்ச்சலுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து பரசிற்றமோல் ஒன்றே. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனாக், மெபனமிக் அமிலம் போன்றவை வயிற்றில் குருதிக்கசிவை உண்டாக்கும் என்பதால் கூடாது. அனுமதிக்கப்பட்டது என்ற சொல்லை ஊர், அளவில்லாதது என்று எடுத்துக்கொண்டது. பரசிற்றமோலை ஈரல் உடைக்கும்போது ஒரு பகுதி நச்சுப்பொருளாக மாறுகிறது. அதை அடக்குவது ஈரலில் இருக்கும் குளூற்றதயோன். சாப்பாடு இறங்காமல் கிடக்கும் நோயாளியிடம் அந்த இருப்புக் குறைந்துவிடும். வைரஸ் தின்ற ஈரலோ அதைத் திரும்பச் செய்யவும் திணறும்.

கணக்குப் பார்த்தால் விபரீதம் தெரியும். ஒரு வேளைக்கு நிறையின் கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு நான்கு வேளை: இதுவே அளவு. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது ஏழரை மில்லிலீற்றர். காய்ச்சல் நிற்கவில்லை என்று அதையே மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கொடுத்தால், நாள் முடிவில் பிள்ளையின் ஈரலுக்குப் போவது இரண்டு மடங்கு. அதற்கு மேல் பின்புறமாக வைக்கும் பரசிற்றமோல் மருந்தும் சேர்ந்தால் இன்னும் கூடும். 50 கிலோ ஆளுக்கு நாளுக்கு 3,000 மில்லிகிராம், அதாவது ஆறு குளிசை; நாலு மணித்தியாலத்துக்கு இரண்டாகப் போட்டால் பன்னிரண்டு. பாமசியில் வாங்கும் தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருப்பது தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு. டெங்குக் காய்ச்சல் மருந்துக்கு எளிதில் பணியாது. பனடோல் கொடுப்பது உடல்நோவைத் தணிக்கவும் சூட்டைச் சற்றுக் குறைக்கவும் மட்டுமே. மிச்சச் சூட்டுக்கு இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியே போதும்.

காய்ச்சல் இறங்கினால் நோய் இறங்கியது என்ற எண்ணமும் இதே தவறின் கிளை. பெரும்பாலும் காய்ச்சல் தணியும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையுள்ள இடைவெளியில்தான் திரவக் கசிவு தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். ஈரல் நொதியங்கள் உச்சத்தைத் தொடுவதும் பெரும்பாலும் அந்த நாட்களிலும் அதற்குச் சற்றுப் பின்னரும்தான். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று பாயை விட்டு எழுப்பும் நாளே மிகக் கவனமாக இருக்க வேண்டிய நாள்.

கண் மஞ்சளாகவில்லை, ஆகவே ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று நினைப்பதும் தப்பு. டெங்கில் நொதியம் பலமடங்கு ஏறினாலும் செங்கண்மாரி வருவது குறைவு. கண் மஞ்சளானால் வேறு நோய்களையும் தேட வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்கிறவருக்கு எலிக்காய்ச்சல் வந்தால், நொதியம் அவ்வளவாக ஏறாமலே கண் மஞ்சளாகிச் சிறுநீரகமும் பழுதாகும். ஈரல் அழற்சி ஏ வைரஸில் ஏ.எல்.ரி. ஆயிரக்கணக்கில் ஏறி ஏ.எஸ்.ரி.யை முந்தும், டெங்கில் பெரும்பாலும் ஏ.எஸ்.ரி.தான் முந்தும். இந்த வேறுபாட்டை வீட்டில் பார்த்துச் சொல்ல முடியாது. செங்கண்மாரிக்கென்று கீழ்காய்நெல்லியும் பெயர் தெரியாத சூரணமும் கொடுப்பது, ஆறிக்கொண்டிருக்கும் ஈரலுக்கு இன்னொரு வேலை வைப்பதாகும்.

செய்ய வேண்டியவை சிலவே. காய்ச்சலின் மூன்றாம் நாளில் முழுக் குருதிப் பரிசோதனை செய்து ரிப்போட்டை டொக்டரிடம் காட்ட வேண்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு பனடோல், எவ்வளவு குடித்தது, எத்தனை தரம் சிறுநீர் என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். நீரிழிவோ கொழுப்பு ஈரலோ உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தை ஆகியோர் எச்சரிக்கைக் குறிக்காகக் காத்திருக்கக் கூடாது. வாந்தி, வயிற்று நோவு, மயக்கத் தூக்கம், பிதற்றல், குறைந்த சிறுநீர், எங்கேனும் குருதிக்கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பாராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குணமான பின் சில கிழமைகளில் ஈரல் நொதியங்களை மீண்டும் பார்த்து, அவை பழைய நிலைக்கு வந்தனவா என்று உறுதி செய்ய வேண்டும். பிளேட்லட் ஏறிவிட்டது என்பதை வைத்து மட்டும் எந்த வீடும் நோயாளியைச் சுகமானவர் என்று முடிவு செய்யக் கூடாது.